கண்டது நாலு வரி

ஒக்டோபர் 11, சனி

காலையில் தூறல். பத்து மணிக்குக் கொஞ்சம் வெயில், பிறகு மறுபடி இருட்டு. மருந்துக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. போகவில்லை.

காரணம்: கீழே, வாகனம் நிறுத்தும் இடத்தில், கடற்கரைப் பக்கச் சுவரில் வெடிப்பு. தூணும் சுவரும் சேரும் மூலையில் தொடங்கி, படி ஏறுவது போல் சாய்ந்து மேலே போகிறது. நீளம் இரண்டு முழமும் ஒரு சாணும். அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், அகலம் 2 மி.மீ. போன சனிக்கிழமை இது இல்லை. குப்பை கொண்டுபோகும்போது அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகிறேன்.

பக்கத்து வளவில் பழைய வீட்டை இடித்து, ஒன்பது மாடிக்கு அத்திவாரக் கிடங்கு தோண்டுகிறார்கள். மூன்று கிழமையாக. எங்கள் மதிலுக்கும் கிடங்கின் விளிம்புக்கும் இடையில் எட்டு அடி. ஊறும் தண்ணீரை இறைக்க பம்ப் ஒன்று. இரவும் பகலும் அதே சத்தம். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் சந்துகளில், ஒழுங்கைக்கு ஒழுங்கை இப்படித்தான் எழும்புகிறது. கடலுக்கு இருநூறு மீற்றர் தூரம். கீழே முழுக்க மணல்.

மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து பூரணத்திடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வெடிப்போ? போன வருசம் லிப்ட் அறுந்து விழப்போகுது எண்டியள். அதுக்கு முந்தித் தண்ணித் தாங்கிக்குள்ள பாம்பு எண்டியள். இப்ப சுவரோ?"

"லிப்ட் இண்டைக்கும் ஆடுதுதானே."

"ஆடுது. விழேல்லையே."

நாற்பத்து நாலு வருடக் கல்யாணம்.

பழைய படச்சட்டத்தின் கண்ணாடியில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, வெடிப்புக்குக் குறுக்கே பசையால் ஒட்டினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். புறக்கோட்டை இரும்புக் கடையில் ஸ்டோர் கீப்பராக இருந்த முப்பத்தெட்டு வருடத்தில், சீமெந்து வாங்க வந்த ஒரு பொறியியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. வெடிப்பின் மேல் முனையில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி.

கோடு நேராக வரவில்லை. வயது என்று எழுதலாம். வயது அல்ல.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வெக்கை. மழை வருவது போல் இருந்து வரவில்லை.

பி.ப. 4, மொட்டை மாடியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். பதின்மூன்று பேர். விடயம்: தீபாவளிக்கு முன் கீழ்ப்பகுதிச் சுவர்களுக்கு வர்ணம் பூசுவது. எந்த நிறம் என்பதிலேயே முக்கால் மணித்தியாலம் போனது. பிறகு நான் எழும்பினேன்.

தலைவர் ரவீந்திரன் முதலாம் மாடி. வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எழும்பினாலே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார்.

"நாகலிங்கம் அண்ணை, அது கட்டடம் கட்டின நாளில இருந்து இருக்கிற வெடிப்பு."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"எல்லாருக்கும் தெரியும்."

ஐந்தாம் மாடிக்காரர் எனக்குக் கேட்கும்படி பெருமூச்சு விட்டார். "அண்ணை, நான் வீட்டை விக்கப் போட்டிருக்கிறன். வெடிப்பு எண்டு வெளியில கதை போனா விலை என்ன ஆகும்? கொஞ்ச நாளைக்கு வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோவன்."

"சுவர் வாயைத் திறந்திட்டுது. நான் மூடி என்ன?"

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "சரி, ஜனநாயகமாச் செய்வம். வெடிப்புப் பெருக்குது எண்டு நினைக்கிறவை கையைத் தூக்குங்கோ."

என் கை.

"பெருக்கேல்லை எண்டு நினைக்கிறவை?"

பதினொரு கை. நஸீமா மட்டும் தூக்கவில்லை. வாகனம் நிறுத்தும் இடத்தை ஒட்டிய கீழ் வீட்டில் இருந்துகொண்டு ரோல்ஸ், பட்டிஸ் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். "எனக்கு அடுப்புல எண்ணெ காஞ்சிட்டு ஈக்கி. நான் ரெண்டு பக்கமும் இல்ல" என்று இறங்கிப் போய்விட்டார்.

அறிக்கையில் எழுதினார்கள்: வெடிப்புப் பெருகவில்லை எனப் பெரும்பான்மையாக முடிவு செய்யப்பட்டது. முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார்.

சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு ஒருவராவது கை தூக்கவில்லை. போகும்போதும் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

மழை, காலையில் இரண்டு மணித்தியாலம்.

வெடிப்பின் அகலம் 3 மி.மீ. இரண்டு நாளில் 1 மி.மீ. மேல் முனையும் பென்சில் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் போய்விட்டது. கண்ணாடி இன்னும் முழுசாக இருக்கிறது. எப்படி? பசை சரியாகப் பிடிக்கவில்லையோ?

நாள் முழுக்க எழுத்து. மாநகர சபைக்கு மனு. ஒன்பது பக்கம். லிப்ட், தண்ணீர்த் தாங்கி, என் வாகன இடத்தில் ஐந்தாம் மாடிக்காரரின் வண்டி நிற்பது, தலைவர் கணக்குக் காட்டாதது, அவர் பக்கத்துக் கட்டடக்காரனிடம் கைநீட்டி வாங்கியது, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்று என்னைப் பின்னால் பழிப்பது, எல்லாம்.

பூரணம் மூக்குக் கண்ணாடி போட்டு வாசித்தாள். மூன்றாம் பக்கத்தோடு கழற்றிவிட்டாள்.

"இதில சுவர் எத்தினையாம் பக்கத்தில வருது?"

"ஏழாம் பக்கம்."

"அதுவரைக்கும் ஆர் இருந்து வாசிக்கிறது?"

ஒக்டோபர் 14, செவ்வாய்

வானம் மப்பு. பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன்.

கொண்டுபோனவை: மனு, அடையாள அட்டை, அதன் பிரதி இரண்டு, மின்சாரப் பட்டியல், வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி. ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் கொண்டுபோகாமல் இருக்க முடியாது. அரச அலுவலகம் என்றால் இந்த எழுபத்தாறு வயதிலும் அப்படித்தான். சொல்லப்போவதைச் சிங்களத்தில் பஸ்ஸிலேயே மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன்.

ஒரு மணித்தியாலம் இருந்த பிறகு கூப்பிட்டார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண், நாற்பது வயது இருக்கும். நான் சிங்களத்தில் தொடங்க, அவர் தமிழில் பதில் சொன்னார்.

"நான் பரீட்சைக்குத் தமிழ் படிச்ச, மாத்தயா. வாசிக்கிறது மெதுவா. நீங்க இருங்க."

'ஐயா' மட்டும் சிங்களத்தில். வாசிப்பு உண்மையாகவே மெதுவாகத்தான். எழுத்துக்குக் கீழே பென்சிலை வைத்து, ஒவ்வொரு வசனமாக. ஒரு வசனம் முடிந்ததும் நிமிர்ந்து ஒரே கேள்வி.

"'கட்டடம் எந்த நிமிடமும் சரிந்து விழும்.' இது நீங்க பார்த்ததா, நினைச்சதா?"

"அது இனி நடக்கப்போறது. எப்பிடிப் பாக்கிறது?"

"அப்ப நினைச்சது." பென்சிலால் வட்டம். "'தலைவர் கட்டடக்காரனிடம் கைநீட்டி வாங்கியிருக்கிறார்.' பார்த்ததா?"

"அது எல்லாருக்கும் தெரியும்."

"நீங்க பார்த்ததா?"

ஞாயிற்றுக்கிழமை தலைவரும் இதே சொல்லைத்தான் சொன்னவர் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. அந்தப் பந்தி முழுவதற்கும் ஒரு பெரிய வட்டம்.

அகலத்துக்கு வந்தபோது நான் நிமிர்ந்து இருந்தேன். 2, பிறகு 3. இது அளவு. இதில் என்ன வட்டம் போட முடியும்?

"ரெண்டு நாளும் ஒரே அடிமட்டமா?"

இல்லை. சனிக்கிழமை பிளாஸ்டிக். அதைக் காணாததால் திங்கட்கிழமை இரும்பு அடிமட்டம்.

"அப்ப இதையும் விடுவம்."

எனக்குக் கோபம். "மிஸ், நான் முப்பத்தெட்டு வருசம் அளந்து குடுத்தவன்."

"அதனாலதான் கேக்கிறது" என்றார். சிரிக்கவில்லை.

அரை மணித்தியாலத்தின் பிறகு வட்டம் போடாமல் கோடு போட்டு வைத்தது நாலு வரி:

1. தூண் மூலையில் இருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு.
2. அதன் முனை இரண்டு நாளில் பென்சில் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் போயிருக்கிறது.
3. எங்கள் மதிலில் இருந்து எட்டு அடியில் கிடங்கு.
4. பம்ப் இறைத்து வாய்க்காலில் விடும் தண்ணீரோடு மணலும் வருகிறது.

நாலாவதில் பென்சில் நின்றது.

"மணலா? தண்ணி கலங்கி வாறதா?"

"மணல்."

"பார்த்ததா?"

"கையால அள்ளிப் பாத்தனான். கடல் மணல் மாதிரி மெல்லிசு."

அவர் எழும்பி உள்ளே போய் வேறு ஒருவரோடு கதைத்துவிட்டு வந்தார். குரல் இறங்கியிருந்தது. பரிசோதகர் இந்தக் கிழமை முழுக்க வேறு இடத்தில். திங்கள் தீபாவளி விடுமுறை. அடுத்த செவ்வாய்க்கிழமை நிச்சயம் வருவார்கள். தொலைபேசி இலக்கம் தந்தார். பிறகு ஒரு கேள்வி.

"வீட்டில யாரு?"

"நானும் மனுசியும்."

"அவங்களுக்குப் படி இறங்க ஏலுமா?"

ஏன் கேட்டார்? கேட்கவில்லை நான்.

திரும்பும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. முதலில் அவமானம், ஒன்பது பக்கத்தில் நாலு வரி. பம்பலப்பிட்டி வரும்போது வேறு ஒன்று. ஒன்பது பக்கமும் இருந்தபோது எனக்கு இருந்தது ஆத்திரம். மற்றதெல்லாம் எடுத்த பிறகு அந்த நாலு வரியைத் தனியாக வாசித்தால் உள்ளங்கை வேர்க்கிறது.

ஒக்டோபர் 15, புதன்

வெயில். வர்ணம் பூசுகிறவர்கள் காலை எட்டுக்கே வந்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு இறங்கிப் போக, வெடிப்பு இல்லை. கிறீம் நிறப் பூச்சுக்கு அடியில் போய்விட்டது. பென்சில் கோடும் தேதியும் போய்விட்டன. கண்ணாடித் துண்டு வாளிக்குள், நொறுங்கி.

பூசிய பெடியன் மலைநாட்டில் ஹற்றன் பக்கத்தவன்.

"தம்பி, இது சுரண்ட முந்தியே உடைஞ்சு இருந்ததோ, சுரண்டேக்க உடைஞ்சதோ?"

"எனக்கு என்னங்க தெரியும். சொரண்டச் சொன்னாங்க, சொரண்டினேன்."

முந்தியே உடைந்திருந்தது என்று எழுத விரல் துடிக்கிறது. முந்தாநாளாக இருந்தால் எழுதியிருப்பேன். காணவில்லை. எழுதவில்லை.

தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "இப்ப வெடிப்பு எங்க அண்ணை? காட்டுங்கோ பாப்பம்."

மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பூரணம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"வடிவாத்தானே பூசியிருக்கினமாம். ஏன் உங்களுக்கு முகம் இப்பிடி?"

வெடிப்பு வெளியில் இருந்தபோது கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது சுவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

பின்னேரம் இடி மின்னல். கரண்ட் போய் ஒரு மணித்தியாலத்தால் வந்தது. பம்ப் மட்டும் நிற்கவில்லை, அவர்களிடம் ஜெனரேட்டர்.

ஒரு கொப்பித் தாளை நடுவால் மடித்தேன். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது. அந்தப் பெண் செய்தது போலவே.

கண்டது: பகல் 11க்கு மதிலுக்கு மேலால் கிடங்கைப் பார்த்தேன். மேற்பார்வையாளன் என்னைப் பார்த்துத் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தான்.
நினைத்தது: என்னைப் படம் எடுத்தான். யாருக்கோ அனுப்பப் போகிறான்.

கண்டது: "சீயா, கெதர யன்ன" என்றான். 'தாத்தா, வீட்டுக்குப் போங்க' என்கிறான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
நினைத்தது: மிரட்டல்.

கண்டது: வாய்க்காலில் மணல் நேற்றையிலும் பார்க்க உயரம். போத்தலில் கொஞ்சம் அள்ளி வைத்திருக்கிறேன்.
நினைத்தது: அந்த மணல் எங்கள் தூணுக்குக் கீழே இருந்தது.

கண்டது: ஒன்றும் இல்லை.
நினைத்தது: குளியலறையில் நிற்கும்போது தரை ஆடியது.

வலப்பக்கம் நிரம்பிவிட்டது. அதை மூடிவிட்டு இடப்பக்கத்தை மட்டும் பார்த்தால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. படம் எடுத்தது போய்விட்டது, மிரட்டல் போய்விட்டது. மணல் போகவில்லை.

போக ஓர் இடம் வேண்டும். ஒரே இடம்தான் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் பூரணத்தின் தங்கச்சி வீடு. அவள் புருசன் சிவபாலனோடு ஆறு வருடமாக நான் கதைப்பதில்லை. ஒரு கல்யாண வீட்டில், பத்துப் பேர் நடுவில், அவனுடைய காணி உறுதி கள்ள உறுதி என்று சொன்னேன். அவன் சாப்பாட்டு இலையை அப்படியே விட்டு எழும்பினான்.

அந்த உறுதியைக் கண்டேனா? இல்லை. கையில் எடுத்தேனா? இல்லை. காணியை மலிவாக வாங்கிவிட்டான் என்ற எரிச்சல். இடப்பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை. ஆறு வருடம்.

ஒக்டோபர் 17, வெள்ளி

காலையில் நல்ல மழை. கோயிலுக்குப் போகவில்லை.

மு.ப. 7.20. கிறீம் நிறப் பூச்சில் மயிர் அளவு ஒரு கோடு. தூண் மூலையில் தொடங்கி, சாய்ந்து, படி ஏறுவது போல். நகத்தால் தடவிப் பார்த்தேன், நகம் இடறுகிறது. கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்தேன், பக்கத்தில் இன்றைய பத்திரிகையைப் பிடித்து.

பூச்சுப் பூசி இரண்டு நாள். இது கட்டடம் கட்டின நாளில் இருந்து இருக்கிற வெடிப்பு என்று இனி யாரும் சொல்ல முடியாது. வாதத்தில் நான் வென்றுவிட்டேன். வாகனத் தடுப்புக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

9 மணிக்கு உத்தியோகத்தருக்கு அழைப்பு.

"புதுப் பூச்சிலயா? எப்ப பூசின?"

"புதன்கிழமை."

"மாத்தயா, நான் இன்னைக்கே பெரியவருக்குச் சொல்றேன். ஆனா ஆள் வாறது செவ்வாய்தான். அதுவரைக்கும் நீங்க அங்கதான் இருக்க வேணுமா?"

"நீங்கள் என்ன நினைக்கிறியள் மிஸ்?"

"நான் பார்க்கல்லையே" என்றார்.

அந்தப் பதிலுக்குக் கோபப்பட முடியவில்லை.

நஸீமாவின் கதவைத் தட்டினேன். உள்ளே தச்சுவேலைச் சத்தம். முன் கதவின் மேல் விளிம்பைச் சீவ ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்.

"கதவு தண்ணி குடிச்சிட்டு அங்கிள். மழ தானே. மூனு நாளா மூட ஏலாம ஈக்கி."

நான் உட்காரவில்லை. கதவை மெல்லச் சாத்திக் காட்டினேன். பூட்டுப் பக்கம் மேலே இடிக்கிறது. பிணைச்சல் பக்கம் மேலே ஒரு விரல் போகும் இடைவெளி. பலகை ஊதினால் இரண்டு பக்கமும் இறுக வேண்டும்; இங்கே கதவு நிலை கோணியிருக்கிறது. பிறகு வெளியே கூட்டிப்போய்ப் பூச்சில் உள்ள கோட்டைக் காட்டினேன். வாய்க்காலைக் காட்டினேன். உத்தியோகத்தர் சொன்னதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை பிள்ளை."

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன அங்கிள், ஒடம்பு சரியில்லையா? வழமையா ஒரு மணித்தியாலம் பேசுவீங்களே."

தச்சனை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுவர்க் கோட்டுக்கு முன்னால் போய் நின்றார். நான் மேலே வரும்வரைக்கும் அங்கேயே நின்றார்.

ஒக்டோபர் 18, சனி

தூறல், விட்டு விட்டு.

நஸீமா மாளிகாவத்தையில் தாத்தா வீட்டுக்குப் போகிறார்; மூத்த சகோதரியை அவர்கள் தாத்தா என்பார்கள். முச்சக்கர வண்டியில் தாச்சிச் சட்டி இரண்டு, மாவு மூட்டை, குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த ரோல்ஸ் எல்லாம். "அங்கிள், ஆன்டியக் கூட்டிட்டு நீங்களும் போங்க. செவ்வா வரைக்கும்தானே. ஒண்டும் இல்லாட்டி என்னத் திட்டுங்க, நான் உங்களத் திட்டுறேன்."

வண்டி போனதும் தலைவர் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"சனத்தைக் கலைக்கிறியள் என்ன? ஒரு பொம்பிளையைப் பயப்படுத்தி வீட்டை விட்டு அனுப்பியாச்சு. சந்தோசமோ?"

"தலைவர், ஒருக்கா வந்து பாருங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"நான் பாக்கத் தேவையில்லை. கூட்டத்தில முடிவெடுத்தாச்சு."

கோட்டைப் பார்க்காமல்தான் போனார். ஆனால் தன் காரை வெளியே ஒழுங்கையில் கொண்டுபோய் நிறுத்தினார். கண்டது. ஏன் என்று வலப்பக்கத்தில்கூட நான் எழுதப்போவதில்லை.

பி.ப. 5. சிவபாலனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இலக்கம் அழுத்தி இரண்டு தரம் வைத்துவிட்டேன். மூன்றாம் தரம் அவனே எடுத்தான்.

"ஆரு?"

"நாகலிங்கம்."

பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினான்.

"சிவபாலன், அந்த உறுதியை நான் கண்டதே இல்லை. காணாமல்தான் சொன்னனான்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. உங்களுக்குத் தெரிய ஆறு வருசம் போச்சுது. இதைச் சொல்லவோ எடுத்தனீங்கள்?"

விடயத்தைச் சொன்னேன். நாலு வரிதான்.

"கட்டடம் விழுதோ, இல்லாட்டி இதுவும் நீங்கள் சொல்லுற கதையோ?"

நாலு வரியையும் மறுபடி வாசித்தேன்.

"சரி, அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. முன்னறை சும்மாதான் கிடக்குது. வாறதெண்டால் நாளைக்கே வாங்கோ, நாள் பாக்காதேங்கோ."

வைத்த பிறகுதான் காது சுடுவது தெரிந்தது.

பூரணத்திடம் சொன்னேன். நம்பவில்லை, நான் சிவபாலனுக்கு எடுத்ததையே நம்பவில்லை. நம்பிய பிறகு கோபம்.

"தீபாவளி நாளில வீட்டைப் பூட்டிப்போட்டு ஆரும் போவினமே? சாமிப்படத்துக்கு ஆர் விளக்கு வைக்கிறது? நீங்கள் போங்கோ. ரெண்டு பேருமாக் காணியைப் பற்றிக் கதையுங்கோ. நான் வரேல்லை."

ஒக்டோபர் 19, ஞாயிறு

விடியத் தொடங்கிய மழை, இன்னும் விடவில்லை.

மு.ப. 6.30. பூச்சில் கோடு நேற்றையிலும் பார்க்க நீளம். இந்த முறை ஒரே அடிமட்டம்: வெள்ளி 41 செ.மீ., சனி 52, இன்று 70. தூணின் அடியில் பூச்சு உதிர்ந்து ஒரு பிடி தூள்.

7.15. உத்தியோகத்தர் எடுக்கவில்லை. ஞாயிறு.

8.00. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். இரண்டாம் மாடியில் படத்தைப் பார்த்தார்கள், "யோசிப்பம் அங்கிள்" என்றார்கள். நாலாம் மாடியில் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கேட்டார்கள். ஐந்தாம் மாடிக்காரர் திறக்கவில்லை. தலைவர் வீட்டுக் கதவுக்குக் கீழால் நேற்றுக் கடையில் எடுப்பித்த படப் பிரதியையும் மூன்று அளவுகள் எழுதிய தாளையும் தள்ளிவிட்டு வந்தேன். கையெழுத்து மட்டும். ஒரு அடைமொழியும் போடவில்லை.

நண்பகல். சாப்பாடு இறங்கவில்லை. பூரணம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2.30. இரண்டாம் மாடிக்காரர் பிள்ளைகளோடு குடை பிடித்துக்கொண்டு போவது ஜன்னலால் தெரிந்தது. பைகள் நாலு.

நான் பையில் வைத்தவை: அடையாள அட்டைகள், வீட்டு உறுதி, பூரணத்தின் மருத்துவத் துண்டுகள், மணல் போத்தல். அவளுடைய உடுப்பை எடுக்கப் போனேன். அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அதில கை வைக்காதேங்கோ."

நாளைய வடைக்கு உளுந்து ஊறப்போட்டிருக்கிறாள். அதைக் கிளறிக்கொண்டே கதைத்தாள், என்னைப் பார்க்காமல். நான் வாழ்நாள் முழுக்க இப்படித்தானாம். நான் சொன்னது ஒன்றும் நடந்ததில்லையாம். சொன்னதை விட்டுக் கொடுத்ததும் இல்லையாம். எல்லாம் சரி. மறுக்க ஒன்றும் இல்லை. இதெல்லாம் அவள் கண்டது.

நான் குசினி வாசலில் நின்றேன். போகமாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போக என்னால் முடியாது. அவளை விட்டுப் போகவும் முடியாது.

பிறகு கையைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ. ஒரே ஒரு கேள்வி. சத்தியமாச் சொல்லுங்கோ. இது விழுமோ?"

ஓம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஓம் என்றால் வருவாளோ என்றும் ஒரு கணம். மூன்று அளவு இருக்கிறது. மணல் இருக்கிறது. கதவு இருக்கிறது. விழுவதை நான் காணவில்லை.

"தெரியாது" என்றேன்.

கையில் இருந்த துவாயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தை இவ்வளவு நேரம் அவள் பார்த்து எத்தனையோ வருடம். அவளுடைய முகத்தில் நிறம் போவதைக் கண்டேன்.

சட்டியை எடுத்தாள். தண்ணீரை வடித்தாள். உளுந்தை ஒரு பொலித்தீன் பையில் கொட்டி, இரண்டு முடிச்சுப் போட்டாள். இதை எழுதி வைக்க உட்கார்ந்தேன்.

"பிறஷர்க் குளிசையை எடுங்கோ. அந்த நீலச் சீலையையும். உளுந்தை அங்க போய் அரைப்பம்." செருப்பைத் தேடிக்கொண்டே, "என்ன இன்னும் எழுதுறியள்? எழும்புங்கோ."